தேய்வது வேறு, வழக்கொழிவது வேறு: ஒரு விண்கல ஆட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு ரோல்பிளேயிங் கேம்பெயினில் நடந்தது, அதாவது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசியும் பகடை உருட்டியும் பல செஷன்களாக ஆடும் ஒரு தொடர்கதையில். கதையையும் விதிகளையும் நடத்தும் கேம் மாஸ்டர் நான், ஆட்டக்காரர்கள் நான்கு பேர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடி, ஒரு செஷனுக்கு நான்கு மணி நேரம் போல ஆடி, 26 செஷன்களில் முடித்தோம். யாருடைய பெயரும் இங்கே வேண்டாம். அவரவர் ஆடிய கேரக்டரை வைத்தே சொல்கிறேன்: விமானி, இன்ஜினியர், மருத்துவர், முன்னாள் சிப்பாய். சிப்பாயின் வலது கை செயற்கைக் கை. இந்த ஆய்வின் நடுப்பகுதி முழுக்க அந்தக் கையைப் பற்றியதுதான்.

கதைக்களம், 60 வருடப் பழைய ஒரு சரக்குக் கலம். மையத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கும் சில நட்சத்திரங்களுக்கிடையே அது சரக்கு ஏற்றி இறக்குகிறது. ஒரு துறைமுகத்தில் எல்லாம் புத்தம்புதுசு, அடுத்ததில் இரண்டு தலைமுறைக்கு முந்தைய கருவிகள்.

தொடங்கும் முன்பே நால்வரும் ஒன்றைக் கேட்டிருந்தார்கள். எல்லாம் பளபளக்கும் எதிர்காலம் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டுப்போட்ட குழாய்களும் உள்ள எதிர்காலம் வேண்டும். எனக்கும் அதே ஆசைதான். மாயாஜாலக் கதையில் முந்நூறு வருடப் பழைய வாள் என்றால் அதன் மதிப்பு கூடும். எதிர்காலக் கதையில் முப்பது வருடப் பழைய கணினிக்கு அந்த மரியாதை கிடைக்காது. அதை வைத்திருப்பவர் என்ன செய்வார் என்ற கேள்வியிலேயே ஒரு கதை இருக்கிறது என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முன்மாதிரியாக 1977இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ரோல்பிளேயிங் ஆட்டத்தைப் பார்த்தோம். அதன் பழைய விதிகளில் 200 டன் ஃப்ரீ டிரேடர் என்ற வணிகக் கலத்தின் விலை, அந்த ஆட்டத்தின் பணத்தில் 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். அதில் 240இல் ஒரு பங்கை மாதத் தவணையாக 480 மாதங்களுக்குக் கட்ட வேண்டும். மாதத்துக்கு 1,54,500. ஆண்டுப் பராமரிப்போ விலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 37,080. வருடத்துக்கு ஒருமுறை வரும் பராமரிப்புச் செலவு ஒரு மாதத் தவணையில் கால்வாசிகூட இல்லை. அங்கே ஆட்டக்காரர்களைத் துரத்துவது கடன்தான், தேய்மானம் இல்லை. அது நல்ல வடிவமைப்புதான், ஆனால் நாங்கள் தேடியது அது இல்லை. அதனால் எங்கள் கலத்துக்குக் கடன் வைக்கவில்லை. துரத்துவதைத் தேய்மானமே செய்யட்டும் என்று முடிவெடுத்தோம்.

முதல் விதி, செஷன் 1 முதல் 5 வரை

முதலில் நான் எழுதிய விதி எளிமையானதாகத் தெரிந்தது. ஒவ்வொரு கருவிக்கும் 10 நிலைப் புள்ளிகள். ஒருமுறை பயன்படுத்தினால் ஒரு புள்ளி குறையும். ஐந்துக்குக் கீழே போனால் பகடையில் அபராதம், பூஜ்யத்தில் கருவி நின்றுவிடும். இன்ஜினியர் ரிப்பேர் செய்தால் மூன்று புள்ளிகள் திரும்பி வரும்.

ஐந்தாவது செஷன் முடிந்ததும் என் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். நால்வரிடமும் சேர்த்து 31 கருவிகள். ஒவ்வொரு செஷனிலும் இருபது நிமிடத்துக்கு மேல் புள்ளிக் கணக்கிலேயே போயிருந்தது. நேரம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விதி ஆட்களின் நடத்தையை மாற்றிவிட்டதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. மருத்துவர் தன் நல்ல ஸ்கேனரை வெளியே எடுக்கவே இல்லை. "இப்ப எடுத்தா அப்புறம் வேணும்போது இருக்காது" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். விமானி ஒவ்வொரு துறைமுகத்திலும் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வாங்கினார். இன்ஜினியர் செஷனின் கடைசி அரை மணி நேரம் ரிப்பேர் பகடை உருட்டிக்கொண்டே இருந்தார், மற்ற மூவரும் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு குறையும் இருந்தது. டார்ச்சும் உலையும் ஒரே வேகத்தில் தேய்ந்தன. எதுவும் தனக்கே உரிய விதத்தில் கெட்டுப்போகவில்லை, எண் குறைந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது விதி, செஷன் 6 முதல் 10 வரை

உண்மைக் கருவிகள் எப்படிக் கெட்டுப்போகின்றன என்று இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். விதியை நேராக்கியது அந்தப் படிப்புதான்.

எந்தக் கருவியும் மொத்தமாக ஒரே சீராகத் தேய்வதில்லை. அதில் ஏதோ ஒன்றுதான் முதலில் போகிறது. போன்களில் இருப்பது போன்ற லித்தியம் அயான் பேட்டரிகள் பல, 300 முதல் 500 முழுச் சார்ஜ் சுற்றுகளில் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகின்றன. மின்சுற்றுகளில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் போடும் கணக்கு. 1972இல் அப்பல்லோ 17 பயணத்தின்போது நிலவில் வெளியே நடந்தது மொத்தமே சுமார் 22 மணி நேரம்தான். அதற்குள் நிலவுத்தூசி விண்வெளி உடைகளின் மூட்டுகளிலும் பூட்டு வளையங்களிலும் புகுந்து அவற்றை இறுகச் செய்தது, கையுறைகளின் மேலுறையைத் தேய்த்தது. கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆன்டெனா 1991இல் முழுதாக விரியவில்லை. பல வருடம் காத்திருப்பிலும் இடமாற்றத்திலும் உலர் மசகு தேய்ந்துபோனதுதான் காரணமாக இருக்கும் என்று பொறியாளர்கள் கணித்தார்கள். கலம் வேலையைத் தொடங்கும் முன்பே தேய்மானம் தொடங்கிவிட்டது. சும்மா வைத்திருப்பதும் ஒரு பயன்பாடுதான் என்று அன்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆகவே புள்ளிகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கருவிக்கும் ஒரே ஒரு கேள்வி வைத்தேன்: இதில் முதலில் எது போகும்? பதிலை ஆட்டக்காரரே தன் கேரக்டரின் விவரத்தாளான கேரக்டர் ஷீட்டில் எழுத வேண்டும். விண்வெளி உடைக்கு முழங்கை மூட்டின் சீல். ஸ்கேனருக்குக் குளிர்விக்கும் விசிறி. கலத்துக்குக் குளிர்திரவப் பம்ப். இந்த ஒரு வரியால் கருவிகளுக்கு முகம் வந்தது.

கணக்கு வைக்க, 2016இல் வந்த தி பிளாக் ஹாக் ஆட்டத்தின் பயன்பாட்டுப் பகடையை எடுத்துக்கொண்டோம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பொருளுக்கு ஒரு பகடை. உருட்டும்போது 1 அல்லது 2 விழுந்தால் அதைவிட முகங்கள் குறைந்த அடுத்த பகடைக்கு இறங்கும். நான்குமுகப் பகடையிலும் 1 அல்லது 2 விழுந்தால் பொருள் தீர்ந்தது. கணக்கும் அழகாக அமைகிறது. ஒரு பகடை எத்தனை உருட்டல் தாங்கும் என்பதன் சராசரி, அதன் முகங்களில் பாதி. எண்முகத்தில் தொடங்கினால் 4, 3, 2 என்று சராசரியாக 9 உருட்டல். பன்னிருமுகத்தில் தொடங்கினால் 6, 5, 4, 3, 2 என்று 20 உருட்டல்.

நாங்கள் செய்த மாற்றம் ஒன்றுதான். ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் உருட்ட வேண்டியதில்லை. தூசி, வெற்றிடம், கடும் வெப்பம், அளவுக்கு மீறிய சுமை, நீண்ட காலம் கவனிக்காமல் வைத்திருத்தல் என்று கருவி துன்பப்படும்போது மட்டும் உருட்டினோம். பகடை இறங்கினால் ஷீட்டில் எழுதிய பலவீனம் காட்சியில் தெரிய வேண்டும். மருத்துவரின் ஸ்கேனர் முதல்முறை இறங்கியபோது விசிறி கிறீச்சிட்டது. ஒளிந்திருந்தவர்களை அந்தச் சத்தமே காட்டிக்கொடுத்தது. மருத்துவர் ஸ்கேனரைத் தயங்காமல் எடுக்கத் தொடங்கியதும் அந்தச் செஷனிலிருந்துதான்.

புள்ளிக் கணக்கில் போன இருபது நிமிடம் ஐந்து நிமிடமாகக் குறைந்தது. ஆறிலிருந்து பத்து வரையான செஷன்கள் நன்றாகப் போயின. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

வழக்கொழிவைச் சேர்த்தது, செஷன் 11

தேய்மானம் கைக்கு வந்ததும் வழக்கொழிவையும் சேர்க்க நினைத்தேன். கருவி நன்றாக இருக்கும், ஆனால் அதைச் சுற்றியுள்ள உலகம் நகர்ந்துவிடும். இதற்கு எனக்குப் பிடித்த உண்மை உதாரணம் விண்வெளி ஓடத்துடையது. 1978இல் வெளிவந்த இன்டெல் 8086 சிப், ஓடத்தை மேலே உந்தும் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் சோதிக்கும் தரைக்கருவிகளில் இருந்தது. 2002 வாக்கில் அந்தச் சிப் கடைகளில் எளிதில் கிடைக்கவில்லை. நாசாவின் ஒப்பந்த நிறுவனம் பழைய மருத்துவக் கருவிகளை வாங்கி, உள்ளே இருந்த சிப்களைக் கழற்றி எடுத்தது. பூஸ்டரும் சோதனைக் கருவியும் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன. மாற்றுப் பாகம் செய்ய மட்டும் யாரும் இல்லை.

பதினோராவது செஷனில் ஒரு துறைமுகம் தன் இணைப்பு நெறிமுறையை மாற்றிவிட்டது என்று வைத்தேன். எங்கள் கலம் அனுப்பும் அடையாளக் குறியீடு அங்கே யாருக்கும் புரியவில்லை. விமானி கையால் ஓட்டி, ரேடியோவில் பேசிப் பேசி, பழைய முறை தெரிந்த ஒரு மூத்த கட்டுப்பாட்டாளரைத் தேடிப் பிடித்து இறக்கினார். அந்த ஒரு காட்சி ஒன்றரை மணி நேரம் ஓடியது. எல்லோருக்கும் பிடித்துப்போனது.

அந்த உற்சாகத்தில் நான் ஒரு தவறு செய்தேன். வழக்கொழிவையும் பகடைக்குள் கொண்டுவந்தேன். பயன்பாட்டுப் பகடை இறங்கும்போது பார்ப்பதற்கு 12 வரியில் ஓர் அட்டவணை எழுதினேன். எட்டு வரி தேய்மானம், நான்கு வரி வழக்கொழிவு. இரண்டும் கருவி பழசாவதுதானே, ஒரே அட்டவணையில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

செயற்கைக் கை, செஷன் 13 மற்றும் 14

பதின்மூன்றாவது செஷனில் சிப்பாய், மூடிக்கொண்டிருந்த ஒரு கதவைத் தன் செயற்கைக் கையால் தாங்கிப் பிடித்தார். மூவரும் தப்பினார்கள். அளவுக்கு மீறிய சுமை என்பதால் பகடை உருட்டினார், 2 விழுந்தது. அட்டவணையைப் பார்த்தோம். "தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திவிட்டார்" என்று வந்தது. நான் எழுதிவைத்த விளைவு: கட்டுப்பாட்டு மென்பொருள் பூட்டிக்கொள்ளும், பிடிமானம் பாதியாகும், அதைத் திறக்க வழியில்லை.

மேஜையில் பேச்சு நின்றது. சிப்பாயை ஆடியவர் சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "கதவைத் தாங்கினதுக்கும் கம்பெனி ஆதரவை நிறுத்தினதுக்கும் என்ன சம்பந்தம்?" என்னிடம் பதில் இல்லை. பகடை அப்படி விழுந்தது என்றேன். அது பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அப்புறம் அவர் சொன்னதை அப்படியே குறித்துவைத்திருக்கிறேன்: "இது துப்பாக்கி இல்லை. இது என் கேரக்டரோட உடம்பு."

பதினான்காவது செஷனுக்கு அவர் வரவில்லை. மற்ற மூவரும் ஆடினார்கள். ஆனால் விமானி தன் கருவிகள் எதையும் சிரமத்துக்கு உட்படுத்தாமல் ஒதுங்கியே ஆடினார். முதல் ஐந்து செஷன்களில் பார்த்த அதே பயம் திரும்பி வந்திருந்தது. ஆக, இது ஒருவருடைய மனவருத்தம் மட்டும் இல்லை, விதியில்தான் கோளாறு என்று அன்று உறுதியானது.

எடுத்த முடிவும் காரணமும்

அடுத்த செஷனுக்கு முன்பு அவரோடு தனியாகப் பேசினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். நடந்ததை முழுவதும் அழித்துவிடலாமா என்றும் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். தயாரிப்பாளர் கைவிட்ட கையோடு வாழ்வது அவருக்குப் பிடித்த கதைதான். ஒரு நல்ல காரியத்துக்குத் தண்டனையாக, காரணமே இல்லாமல் அது தலையில் விழுந்ததைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

அன்று எங்களுக்குத் தெளிவானது இது. தேய்மானம் கேரக்டரின் செயலிலிருந்து வருகிறது. கதவைத் தாங்கினால் மூட்டு நோகும், அது நியாயம், அதற்குப் பகடை பொருத்தம். வழக்கொழிவு கேரக்டர் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் வரும். உலகம் தன் போக்கில் எடுக்கும் முடிவு அது, அதனால் செய்தியாக முன்கூட்டியே வந்து சேர வேண்டும். 2022இல் அமெரிக்காவின் பெரிய செல்பேசி நிறுவனங்கள் 3ஜி சேவையை மூடியதை நினைத்துப் பார்க்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய போன்கள் பயனற்றுப் போயின. ஆனால் யாரோ போனைக் கீழே போட்டதால் அது நடக்கவில்லை, மூடும் தேதியும் வெகு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது.

உடலில் பொருத்திய கருவிக்கு இந்த வேறுபாடு இன்னும் கனமானது. பார்வையிழந்தவர்களின் கண்ணில் பொருத்திய ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவியை 350க்கும் மேற்பட்டவர்கள் பெற்றிருந்தார்கள். 2019இல் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. பழுதானால் யாரிடம் போவது என்ற கேள்வியோடு அவர்கள் விடப்பட்டார்கள். என் அட்டவணையின் ஒரு வரியில் நான் சாதாரணமாக எழுதிவைத்தது உண்மை மனிதர்கள் உடம்பில் சுமந்த ஒன்று. அதைப் படித்த பிறகு அந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டேன்.

பதினைந்தாவது செஷன் தொடங்கும்போது நால்வர் முன்னும் புதிய ஏற்பாட்டைச் சொன்னேன். வழக்கொழிவுக்குப் பகடை கிடையாது. மூன்று துறைமுகத்துக்கு ஒருமுறை உலகில் ஏதோ ஒன்று மாறும். அது ஒரு செஷன் முன்பாகவாவது வதந்தியாகவோ அறிவிப்பாகவோ காதுக்கு வந்துவிடும். வழக்கொழிந்த கருவியின் வலிமை குறையாது. பாகம் கிடைப்பது, பிற கருவிகளோடு இணைவது, அதைத் தெரிந்த ஆள் கிடைப்பது, இந்த மூன்றில் ஒன்று மட்டும் கடினமாகும். உடலில் பொருத்திய எதுவாக இருந்தாலும் அது எப்போது, எப்படிப் பழசாகிறது என்பதை அதன் ஆட்டக்காரரே தீர்மானிப்பார்.

கூடவே பழைய கருவிக்கு ஒரு பலனும் கொடுத்தோம். வாயேஜர் 1 விண்கலம் 1980க்குப் பிறகு தொடாமல் விட்டிருந்த திசைதிருத்தும் உந்திகளை 2017இல், 37 வருடம் கழித்து இயக்கிப் பார்த்தார்கள். அவை வேலை செய்தன. பழசு என்றால் பலவீனம் என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் வரும். எங்கள் விதியில் வழக்கொழிந்த கருவியை எளிய கருவிகளால் திறந்து ரிப்பேர் செய்யலாம். புதிய நெட்வொர்க்கோடு பேசாததால் தொலைவிலிருந்து யாரும் அதற்குள் நுழையவும் முடியாது.

பின்பு நடந்தவை, செஷன் 15 முதல் 26 வரை

சிப்பாய் திரும்பி வந்தார். கையின் பிடிமானத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தேன். ஆதரவு நின்ற செய்தி மட்டும் உலகில் அப்படியே இருந்தது. அவர் செய்த முதல் காரியம், அதே ரகக் கை பொருத்தியவர்கள் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு துறைமுகத்திலும் விசாரித்தது. நான் அதற்கு எதையும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. அடுத்த ஆறு செஷன்கள் அந்தத் தேடலிலேயே போயின. இறந்தவர்களின் கைகளைக் கழற்றி உயிரோடிருப்பவர்களுக்குப் பாகம் தரும் ஒரு ரிப்பேர்க்காரர் வந்தார். அந்தப் பாகங்களை யாருக்கு முதலில் கொடுப்பது என்று அவரோடு மருத்துவருக்கு நடந்த வாக்குவாதம்தான் இந்தக் கேம்பெயினின் மிகச் சிறந்த காட்சி என்பேன். அதில் ஒரு பகடைகூட உருளவில்லை.

இருபத்திரண்டாவது செஷனில் சிப்பாய்க்குப் புதிய கை வாங்கும் அளவுக்குப் பணம் சேர்ந்தது. அவர் வாங்கவில்லை. தோள்மூட்டைப் பழையதாகவே வைத்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் மாற்றி, இடையில் இன்ஜினியர் கையால் செய்த ஓர் இணைப்பானைப் போட்டார். அதன் பலவீனமாக ஷீட்டில் அவரே எழுதியது: "இணைப்பான். குளிரில் நடுங்கும்."

எல்லாமே சரியாகிவிடவில்லை. துறைமுக மாற்றங்கள் ஐந்து வந்தன. அவற்றில் இரண்டு யாரையும் தொடவே இல்லை. எரிபொருள் முனையின் அளவு மாறியது என்று நான் ஆர்வமாக அறிவித்தேன், இன்ஜினியர் ஒரு உருட்டலில் அதைத் தீர்த்துவிட்டார். கலத்தின் குளிர்திரவப் பம்ப் பன்னிருமுகத்தில் தொடங்கி, கடைசிச் செஷனில் ஆறுமுகத்தில் நின்றது. அது ஒருநாள் நின்றுவிடும் என்று நான் காத்திருந்த செஷன் வரவே இல்லை. இன்ஜினியர் அதை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

மறுபடி செய்தால் மாற்றுவது

புள்ளிக் கணக்கோடு தொடங்கவே மாட்டேன். ஐந்து செஷன்கள் அதில் வீணாயின.

எந்தக் கருவி உடம்பின் பகுதி, எது வெறும் பொருள் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவேன். செயற்கைக் கை வெளிப்படையாகத் தெரிந்தது. ஆனால் விமானி தன் கலத்தையும் கிட்டத்தட்ட அதே பாசத்தோடு பார்த்தார் என்பது எனக்கு இருபதாவது செஷனில்தான் புரிந்தது. வேறொருவருக்கு அது தாத்தா கொடுத்த ரேடியோவாக இருக்கலாம், ஒரு ரோபோவாக இருக்கலாம். பட்டியலைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டால்தான் தெரியும்.

ரிப்பேர் வேலை இன்ஜினியர் ஒருவர்மீதே குவிந்ததை இந்த விதி தீர்க்கவில்லை. அடுத்த கேம்பெயினில், கருவியின் பலவீனத்தை எழுதியவர் ரிப்பேர் காட்சியிலும் ஒரு வேலை செய்தாக வேண்டும் என்று வைக்கப் போகிறேன். பாகம் தேடுவதோ, விளக்குப் பிடிப்பதோ, எதுவானாலும் சரி. சிப்பாயை ஆடியவர்தான் இதைச் சொன்னார். அந்த இணைப்பானை இன்ஜினியர் செய்துகொண்டிருந்தபோது, தன் கையைத் தானே தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடம்தான் 26 செஷன்களில் தனக்கு மிகவும் பிடித்தது என்றார்.